பூஜி மலைக்கு எப்போது பனி விழுந்தது என்று யார் சொல்வது?

ஒக்டோபர் பிறந்தால் எங்கட முகநூல் சிவக்கத் தொடங்கிவிடும். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள், ஒஸ்லோவில் இருக்கிற சித்தப்பா, சுவிஸுக்குப் போன வகுப்புத் தோழன் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் மரங்களுக்கு முன்னால் நின்று படம் போடுவார்கள். மேப்பிள் இலையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒன்று, இலைக் குவியலுக்குள் பிள்ளையை இருத்தி ஒன்று, ஓடுகிற காருக்குள் இருந்து எடுத்த காட்டுப் பாதை ஒன்று. அது ஓய முதலே முதல் சினோவின் படங்கள் வரத் தொடங்கும். இங்கே மாரி மழைக்கு முற்றத்தில் வெள்ளம் நிற்க, நாங்கள் அதுகளுக்கெல்லாம் ஹார்ட் போட்டுக்கொண்டிருப்போம்.

படம் போடுறதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வடிவானதை வடிவு என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. என்னுடைய பிரச்சினை அந்தப் படங்களுக்குக் கீழே வருகிற இரண்டு வசனங்களோடுதான். ஒன்று, "இந்த முறை கலர் பிந்திப் போச்சு." மற்றது, "ஒக்டோபரிலயே சினோ கொட்டீட்டுது, இதுக்குள்ள பூமி சூடாகுதாம்!" இரண்டாவதுக்குப் பக்கத்தில் கண்ணில் நீர்வரச் சிரிக்கிற இமோஜி ஒன்றும் கட்டாயம் இருக்கும்.

இரண்டும் சும்மா கதை போலத்தான் தெரியும். ஆனால் இரண்டுமே காலத்தைப் பற்றி அடித்துச் சொல்கிற வசனங்கள். பிந்திவிட்டது என்றால் எந்தத் திகதியில் இருந்து பிந்தியது? ஒக்டோபரிலேயே என்றால் வழமையாக எப்போது? யாரோ ஒருவர் முன்னைய வருடங்களில் அதே இடத்தில் நின்று, அதே விஷயத்தைப் பார்த்து, திகதியை எழுதி வைத்திருந்தால்தான் இந்த வசனங்களை உண்மையா பொய்யா என்று சொல்ல முடியும். அப்படிப் பார்த்து எழுதுகிற வேலை உலகத்தில் சில இடங்களில் நூறு வருடத்துக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. கவனமாகச் செய்தவர்களே இப்போது அதைக் குறைத்தும் வருகிறார்கள். அது பிழையான முடிவு என்பது என் கருத்து.

முதலில் இலையைப் பற்றிக் கொஞ்சம். குளிர் நாட்டு மரம் பகல் குறுகுவதையும் இரவு குளிர்வதையும் வைத்துத் தன் கணக்கை முடிக்கத் தொடங்குகிறது. இலையில் உள்ள பச்சையத்தை உடைத்து, அதிலிருந்து பெறக்கூடிய சத்தைக் கிளைக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சை போக, அதுவரை ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். மஞ்சள் எப்போதும் அங்கேதான் இருந்தது. சிவப்பு அப்படி இல்லை. அதை மரம் அந்தக் கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கிறது. விழப்போகிற இலைக்கு ஏன் இந்தச் செலவு என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வெயிலில் இருந்து இலையைக் காப்பாற்ற என்கிறார்கள் சிலர், பூச்சிகளை விரட்ட என்கிறார்கள் வேறு சிலர். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். கோடை கடுமையாக வரண்டால் இலை நிறம் மாறாமலே கருகி விழுந்துவிடும். பிறகு காம்படியில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகி, காற்றுக்கு இலை கழன்றுவிடும்.

ஊருக்கு ஊர் இது வேறுபடும். வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் சிவப்பு அதிகம், ஐரோப்பாவில் மஞ்சள் அதிகம். இதற்கு 2009இல் சிம்ஹா லெவ்-யாதுன், யார்மோ ஹொலோபைனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். சிவப்பு பூச்சிக்கு எதிரான ஆயுதம் என்றே வைத்துக்கொள்வோம். பனியுகங்களில் அமெரிக்காவின் மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காகக் கிடந்ததால் மரங்கள் தெற்கே நகர்ந்து பிழைத்தன, அவற்றைத் தின்ற பூச்சிகளும் கூடவே பிழைத்தன. ஐரோப்பாவில் அல்ப்ஸ் கிழக்கு மேற்காகக் குறுக்கே நின்றது. மரங்கள் பல அழிய, அவற்றோடு அவற்றின் பூச்சிகளும் அழிந்தன. மிஞ்சிய மரங்களுக்கு எதிரி குறைவு, சிவக்க வேண்டிய தேவையும் குறைவு. இது ஒரு கருதுகோள்தான். ஆனால் ஸ்கண்டிநேவியாவில் நிலத்தோடு வளரும் சிறு செடிகள் மட்டும் நன்றாகச் சிவக்கின்றன, ஏனென்றால் அவை பனிக்கு அடியில் பிழைத்துக் கிடந்தன என்று அவர்கள் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நோர்வேயில் இருந்து வரும் மலைப் படங்களை அடுத்த முறை கொஞ்சம் பெருப்பித்துப் பாருங்கள். மேலே பேர்ச் மரங்கள் மஞ்சளாக நிற்க, கீழே தரை சிவந்திருக்கும்.

இனிப் பூஜி மலைக்கு வருவோம். 3776 மீற்றர் உயரமான இந்த மலையின் உச்சி ஒவ்வொரு வருடமும் எப்போது முதன்முதல் வெண்மையானது என்று 1894ஆம் ஆண்டில் இருந்து குறித்து வருகிறார்கள். குறிப்பது மலைக்கு வடக்கே உள்ள கோஃபு நகரத்தின் வானிலை அலுவலகம். முறை மிகவும் எளிமையானது: அலுவலகத்தில் இருந்து ஒரு ஆள் மலையைப் பார்க்க வேண்டும். உச்சியில் வெள்ளை தெரிந்தால் அறிவிக்கலாம். சராசரித் திகதி ஒக்டோபர் 2.

2024இல் ஒக்டோபர் 2 போனது. ஒக்டோபர் 26உம் போனது. அதுதான் அதுவரை மிகப் பிந்திய திகதி, 1955இலும் 2016இலும் நடந்தது. மாதம் முடிந்தும் மலை மொட்டையாகவே நின்றது. நவம்பர் 6 அன்று தெற்கே சிசுவோகா பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு உச்சியில் வெள்ளை தெரிந்தது. ஆனால் கோஃபு பக்கம் மேகம். கோஃபு அலுவலகம் அன்றைக்கு அறிவிக்கவில்லை. மறுநாள் மேகம் விலகிய பிறகு, தங்கள் கண்ணால் பார்த்து, நவம்பர் 7 என்று எழுதினார்கள். 130 வருடப் பதிவில் அதுவே மிகப் பிந்தியது.

இதில் எனக்கு முக்கியமாகப்படுவது சாதனை இல்லை, அந்த ஒரு நாள் காத்திருப்பு. சிசுவோகாவில் எடுத்த படங்கள் நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மாகாணத்தில் ஒரு அரச அலுவலகம் 'எங்களுக்குத் தெரியவில்லை' என்று பேசாமல் இருக்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 1894இல் பார்த்தவரும் அதே பக்கத்தில் இருந்துதான் பார்த்தார், அவருக்கும் மேகம் மறைத்திருக்கும். இடத்தை மாற்றினால் இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது.

இன்னொரு விதியும் உண்டு. அந்த வருடத்தில் மலையுச்சி மிகவும் வெப்பமாக இருந்த நாளுக்குப் பிறகு விழும் பனியே முதற்பனியாகக் கணக்கில் வரும். 2021இல் செப்டெம்பர் 7 அன்று வெள்ளை தெரிய, அறிவித்துவிட்டார்கள். பத்திரிகைகளும் போட்டுவிட்டன. செப்டெம்பர் 20 அன்று உச்சியில் அந்த வருடத்தின் மிக வெப்பமான நாள் பதிவானது. உடனே முதல் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு செப்டெம்பர் 26 என்று புதிதாக எழுதினார்கள். எங்கட ஊரில் ஒரு திணைக்களம் தான் சொன்னதை இரண்டு கிழமையில் இப்படிப் பகிரங்கமாகத் திருத்துவதை நான் இன்னும் காணவில்லை.

மலைக்கு இருக்கிற இந்த ஒழுங்கு மரத்துக்கும் இருந்தது. யப்பானின் வானிலை முகவரகம் 1953இல் இருந்து நாடு முழுவதும் ஒரே விதியில் மரஞ்செடிகளையும் உயிரினங்களையும் அவதானித்து வந்தது. ஒவ்வொரு நகரத்திலும் இதற்கென்று தெரிவு செய்யப்பட்ட மரங்கள் உண்டு. மேப்பிள் சிவந்த நாள் என்றால், மரத்தை முழுதாகப் பார்க்கும்போது பச்சை அநேகமாக இல்லாமற்போன முதல் நாள். இலை உதிர்ந்த நாள் என்றால், நூற்றுக்கு எண்பது இலை விழுந்த முதல் நாள். 'வடிவு', 'உச்சம்' போன்ற சொற்களுக்கு அங்கே வேலையில்லை. இப்படி ஊர் ஊராகச் சேர்த்த திகதிகளை வைத்துத்தான், மேப்பிள் சிவக்கும் நாள் பத்தாண்டுக்குச் சுமார் 3 நாள் என்ற கணக்கில் பிந்திக்கொண்டே போகிறது என்று இன்றைக்கு அவர்களால் சொல்ல முடிகிறது. 'இந்த முறை கலர் பிந்திப் போச்சு' என்பதற்கு அங்கே ஒரு இலக்கம் இருக்கிறது.

ஆனால் 2020 நவம்பரில் அதே முகவரகம் ஒரு அறிவித்தல் விட்டது. அதுவரை பார்த்து வந்த 34 தாவரங்கள், 23 உயிரினங்களில் அடுத்த வருடத்தில் இருந்து 6 தாவரங்கள் மட்டுமே மிஞ்சும். மேப்பிளும் ஜிங்கோவும் தப்பிவிட்டன. தகைவிலான் குருவி முதலில் கண்ணில் படுகிற நாள், சில்வண்டு முதலில் கத்துகிற நாள், மின்மினி முதலில் தெரிகிற நாள் எல்லாம் நிறுத்தப்பட்டன. உயிரினம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. சொன்ன காரணம், நகரம் வளர்ந்து சூழல் மாறிவிட்டதால் அலுவலகங்களைச் சுற்றி இந்த உயிரினங்களையும் பொருத்தமான மரங்களையும் கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது என்பது.

அந்தக் காரணத்தை இன்னொருக்கால் வாசியுங்கள். குருவி வரவில்லை, அதனால் குருவி வருகிறதா என்று பார்ப்பதை நிறுத்துகிறோம். வராமல் போனதுதானே எழுத வேண்டிய செய்தி? அடுத்த வருடமே சுற்றாடல் அமைச்சும் தேசிய சுற்றாடல் ஆய்வு நிறுவனமும் வானிலை முகவரகத்தோடு சேர்ந்து, தன்னார்வலர்களைக் கொண்டு இந்த வேலையைத் தொடர முயற்சி எடுத்தன. நல்லது. ஆனால் சம்பளத்துக்கு எழுபது வருடம் செய்த ஒன்று, மனமிருந்தால் செய்யுங்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

செய்மதி இருக்கிறது, கமரா இருக்கிறது, இனி ஆள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விண்ணில் இருந்து ஒரு கண்டமே எப்போது பச்சை இழக்கிறது என்று பார்க்கலாம், காட்டுக்கு நடுவே கம்பத்தில் பூட்டிய கமரா நாள் முழுவதும் படம் எடுக்கும். ஆனால் செய்மதிக்கு 1894 தெரியாது. பழைய பதிவோடு புதிய பதிவைப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டும் சில வருடங்களாவது பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். பழையதை நிறுத்திவிட்டால் அந்தப் பாலம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாவர்ட் காடு என்று ஒரு ஆய்வுக் காடு இருக்கிறது. அங்கே ஜோன் ஓகீஃப் என்ற ஆய்வாளர் 1990இல் தொடங்கி, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஒரே பாதையில் நடந்து, அடையாளமிட்ட அதே மரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எத்தனை வீதம் நிறம் மாறியது, எத்தனை வீதம் உதிர்ந்தது என்று எழுதி வந்தார். பின்னால் வந்த கமராக்கள் சொல்வது சரியா என்று சரிபார்க்க அவருடைய தாள்கள் இருந்தன.

இனி அந்த இரண்டாவது வசனம், சிரிக்கிற இமோஜிக்காரர். 'ஒக்டோபரில் சினோ கொட்டினால் பூமி எப்படிச் சூடாகும்?' இதற்கு ரொறன்ரோவுக்கு எதிர்ப்பக்கம், எல்லைக்கு அப்பால் உள்ள பஃபலோ நகரத்தில் ஒரு பதில் இருக்கிறது. 2006 ஒக்டோபர் 12, 13ஆம் திகதிகளில் அங்கே 57 சென்ரிமீற்றர் பனி கொட்டியது. அந்த மாதத்தில் அப்படி ஒன்றை அந்த ஊர் கண்டதில்லை. காரணம், மேலே வடக்கில் இருந்து வந்த குளிர் காற்று. ஆனால் கீழே ஈரி ஏரித் தண்ணீர் இன்னும் கோடைச் சூட்டோடு இருந்தது. குளிர் காற்று சூடான ஏரியைக் கடக்கும்போது நீராவியை அள்ளிக்கொண்டு போய்க் கரையில் பனியாகக் கொட்டும். ஏரிக்கும் காற்றுக்கும் இடையில் சூட்டு வித்தியாசம் கூடக்கூடக் கொட்டுவதும் கூடும். அதாவது அந்தப் பனிக்குச் சூடும் ஒரு காரணம்.

அன்றைக்கு நாசம் செய்தது பனியின் ஆழம் மட்டுமில்லை. மரங்கள் இன்னும் இலையோடு நின்றன. இலை கொட்டிய மரத்தில் பனி தங்க இடம் குறைவு, கிளைகளுக்கு இடையால் விழுந்துவிடும். இலையுள்ள மரம் அவ்வளவு பாரத்தையும் ஏந்திப் பிடிக்கும். ஈரப் பனி என்றால் இன்னும் பாரம். இரவு முழுக்கக் கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. ஆயிரக்கணக்கான தெரு மரங்கள் சேதமாகின, இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன. 2011 ஒக்டோபர் 29 அன்று இதே கதை அமெரிக்காவின் வடகிழக்கு முழுவதும் நடந்தது. 30 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போனது.

மரம் ஏன் இலையை உதிர்க்கிறது என்பதற்கு இதுவும் ஒரு பதில்: பனி வர முதல் பாயைச் சுருட்டிக்கொள்ள. அந்தக் கணக்கு பல்லாயிரம் வருடத்துப் பழக்கம். இப்போது இலை உதிர்வது பிந்திக்கொண்டே போக, ஏதாவது ஒரு வருடம் பனி முந்தி வந்தால் என்ன நடக்கும்? பதில் சொல்ல இரண்டு திகதிகள் வேண்டும், இலை உதிர்ந்த நாளும் முதற்பனி விழுந்த நாளும், ஒரே இடத்தில், பல வருடத்துக்கு. ஒரு நாள் பனியைக் காட்டிப் பூமி சூடாகவில்லை என்பவருக்கும், ஒரு பிந்திய மேப்பிளைக் காட்டி உலகம் முடிந்தது என்பவருக்கும் இடையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேரிடமும் ஒரு படம்தான் இருக்கிறது.

எங்கட மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பனி' என்ற ஒரே சொல்லுக்குள் மார்கழி விடியலில் புல்லில் நிற்கிற துளியும், மூடுபனியும், வானத்தில் இருந்து விழுகிற வெள்ளையும் எல்லாம் கிடக்கின்றன. தை மாதத்தில் நுவரெலியாவில் புல் வெளுத்தால் 'இலங்கையில் சினோ' என்று படம் சுற்றும். அது நிலத்தில் உறைந்த ஈரம், பத்திரிகைகள் துகள் உறைபனி என்று சரியாக எழுதுவது. தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். கொழுந்து கருகினால் தோட்டத்தில் வேலை குறையும், அதற்கு யாரும் ஹார்ட் போடுவதில்லை. 'இலையுதிர் காலம்' என்பதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நான்கு பருவத்தைப் பாடமாக்கினோம், ஆனால் இங்கே களுத்துறை, கேகாலைப் பக்கத்து இறப்பர் மரங்கள் நிறம் மாறி இலை கொட்டுவது வருடத் தொடக்கத்தில். புலம்பெயர்ந்தவர்கள் 'சினோ' என்று சொல்வதை ஆங்கில மோகம் என்று சிலர் நக்கலடிப்பதுண்டு. எனக்கு அது பிழையாகப் படவில்லை. இரண்டு வேறு பொருளுக்கு இரண்டு சொல் இருப்பது பார்க்கிறவருக்கு உதவி.

பார்க்கிறவர்கள் என்று நான் சொல்வது வானிலை அலுவலர்களை மட்டுமில்லை. ஹொக்கைடோவில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போன்ற ஒரு சின்னப் பூச்சி இலையுதிர் காலக் கடைசியில் கூட்டமாகப் பறக்கும். அது தெரிந்தால் ஒன்று இரண்டு கிழமையில் முதற்பனி விழும் என்பது அங்கத்தைய சனங்களின் நம்பிக்கை. பெயரே 'பனிப்பூச்சி'. 2023 ஒக்டோபரில் சப்போரோவில் முகத்தில் அறைகிற அளவுக்கு அது பெருகியது. கனடாவில் அல்கொன்குவின் பூங்காக்காரர் சுகர் மேப்பிள் எப்போது முழுதாக நிறம் மாறியது என்று பல பத்தாண்டாகக் குறித்து வைத்திருக்கிறார்கள், அங்கே அது சராசரியாகச் செப்டெம்பர் கடைசி வாரம். ரொறன்ரோவில் இருந்து சில மணித்தியாலக் கார் ஓட்டம்தான். ஆனால் படம் எடுக்கப் போகிற எங்கட ஆட்களில் எத்தனை பேர் அந்தத் திகதிகளைப் பார்த்திருப்பார்கள்?

அதனால் வெளியில் இருக்கிற இளம் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். கார் எடுத்துக் காட்டுக்குப் போக வேண்டாம். வீட்டு யன்னலால், பஸ் தரிப்பிடத்தால் தெரிகிற ஒரு மரத்தைத் தெரிவு செய்யுங்கோ. 'எங்கட தெரு' என்று பொதுவாக எழுதினால் சரிவராது. ஒரே தெருவில் சுகர் மேப்பிள் சிவந்து முடிய, பக்கத்தில் நோர்வே மேப்பிள் பச்சையாகவே நிற்கும். ஒரு மரம், ஒரே இடத்தில் இருந்து, இரண்டே கேள்வி: பச்சை முழுதாகப் போய்விட்டதா, நூற்றுக்கு எண்பது விழுந்துவிட்டதா? திகதியைக் கொப்பியில் எழுதுங்கோ. முதற்பனி எப்போது, அப்போது மரத்தில் இலை இருந்ததா என்பதையும் எழுதுங்கோ. வீடு மாறினால் அந்தக் கொப்பியை அங்கே வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். மழைக்கும் மேகத்துக்கும் ஒன்றும் தெரியாத நாளில், ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுங்கோ.